பல் டாக்டரிடம் அலறும் நாலு வயதுக் குழந்தை: அடுத்த முறை பிடித்து வைத்துச் செய்யலாமா?

கேள்வி இது. மன்னார்குடிக்கு அருகில் ஒரு கிராமம், நாலு வயதுப் பையன். கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லில் சொத்தை. சாயங்காலம் ஏழு மணிக்கு டவுனில் காட்டப் போயிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாற்காலி பின்னால் சாய்ந்ததும் அலறல், பல்லைப் பார்க்கும் கண்ணாடியைத் தட்டிவிட்டான், கடைசியில் வாந்தி. "அடுத்த தடவை அப்பாவையும் கூட்டிக்கிட்டு வாங்க, பிடிச்சுக்கிட்டுச் செஞ்சிடலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் அப்பாயியோ "பால் பல்லுதானே, விழுந்து முளைக்கப் போவுது, புள்ளைய ஏன் படுத்துறீங்க" என்கிறார். பிடித்து வைத்துச் செய்வதா, அப்படியே விட்டுவிடுவதா?

இரண்டும் வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிறைய வழி இருக்கிறது, அதில் பாதி வீட்டிலேயே தொடங்குகிறது. ஆனால் எந்த வழி என்று முடிவு செய்வதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பல் எவ்வளவு நாள் காத்திருக்கும்?

சாப்பிடும்போது மட்டும் வலிக்கிறது, உணவு சிக்கினால் அழுகிறான், எடுத்துவிட்டால் சரியாகிறது என்றால் சொத்தை பெரும்பாலும் பல்லின் நரம்பை இன்னும் எட்டவில்லை. பையனைப் பழக்க உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. தூக்கத்திலிருந்து எழுந்து அழுகிறான், எதுவும் சாப்பிடாதபோதும் தானாக வலிக்கிறது, அல்லது அந்தப் பல்லுக்கு நேரே ஈறில் பரு போல ஒரு கொப்புளம் வந்து வந்து போகிறது என்றால் நரம்பு கெட்டிருக்கிறது. அதற்கு ஓரிரு வாரத்துக்குள் சிகிச்சை வேண்டும். கொப்புளம் உடைந்ததும் வலி நின்றுவிடும், அதைக் குணமானதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சீழ் வெளியேற வழி கிடைத்ததால் வலி குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். மூன்றாவது நிலை அவசரம்: கன்னமோ தாடைக்கு அடிப்பக்கமோ வீங்கிக் காய்ச்சல், கண் இமை வரை வீக்கம், வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியாமல் வழிகிறது. இதில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே, இரவானாலும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். அங்கே பழக்கம், பயம் என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

அப்பாயி சொல்வதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் வீட்டில் முடிவெடுப்பவர் பல சமயம் அவர்தான். பால் பல் விழும் என்பது உண்மை. எப்போது விழும் என்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். முன்பற்கள் 6, 7 வயதில் விழுகின்றன. கடைவாய்ப் பால் பற்கள் விழுவதோ 9 வயதிலிருந்து 12 வயதுக்குள். நாலு வயதுப் பையன் அந்தப் பல்லை வைத்துக்கொண்டு இன்னும் ஐந்து முதல் எட்டு வருஷம் சாப்பிட வேண்டும். பால் பல்லின் வெளி ஓடு நிலைத்த பல்லுக்கு இருப்பதில் பாதியளவு கனம்தான், உள்ளே நரம்பு இருக்கும் அறையோ விகிதத்தில் பெரியது. அதனால் சின்னப் புள்ளியாகத் தெரிந்த சொத்தை சில மாதங்களில் நரம்பைத் தொட்டுவிடும். இன்னொன்றும் உண்டு. கடைசியில் இருக்கும் பால் பல் சீக்கிரம் போய்விட்டால், 6 வயதில் அதற்குப் பின்னால் முளைக்கும் நிலைத்த கடைவாய்ப்பல் முன்பக்கம் நகர்ந்து வந்துவிடும். பிறகு அந்த இடத்தில் வர வேண்டிய பல்லுக்கு வழியில்லாமல் போய், அது கோணலாக முளைக்கும், அல்லது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இதை நிதானமாகச் சொன்னால் எந்த அப்பாயியும் கேட்டுக்கொள்வார்.

இப்போது பையனின் அலறலுக்கு வருவோம். அது அடமும் அல்ல, வளர்ப்புக் குறையும் அல்ல. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையால் பல் நாற்காலியில் ஒத்துழைக்கவே முடியாது. சொல்வதைப் புரிந்துகொண்டு உடம்பை அடக்கி வைக்கும் திறன் அந்த வயதில் வந்திருக்காது. மூன்றிலிருந்து ஆறு வரை உள்ள குழந்தைகளால் முடியும், ஆனால் சொல்லிக் காட்டிப் பழக்கினால்தான், அதுவும் குறைந்த நேரத்துக்குத்தான். நாலு வயதுக்காரனிடம் பத்து நிமிஷத்துக்கு மேல் எதிர்பார்ப்பது நம் பிழை. ஆறு வயதுக்கு மேல் காரணம் சொன்னால் கேட்கும்.

அலறல் எந்த நொடியில் தொடங்கியது என்பதைக் கவனியுங்கள். நாற்காலி சாய்ந்தபோது என்கிறீர்கள். மல்லாந்து படுத்தால் அம்மாவின் முகம் மறைகிறது, கண்ணில் விளக்கு அடிக்கிறது, முகமூடி போட்ட ஒரு அந்நியர் மேலிருந்து குனிகிறார், ரப்பர் வாடை அடிக்கும் கை வாய்க்குள் வருகிறது. வலிக்கிற மாதிரி எதுவும் அதுவரை நடக்கவில்லை. ஆக உங்கள் பையன் வலிக்கு அல்ல, சாய்க்கப்பட்டதற்குப் பயந்திருக்கிறான். இதற்கு முன்னால் அவனை இப்படிப் பிடித்துச் செய்த காரியங்கள் எவை என்றும் யோசித்துப் பாருங்கள். தாய்மாமன் மடியில் மொட்டையும் காதுகுத்தும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசியும். யாரோ பிடித்துக்கொண்டால் அடுத்து வலிக்கும் என்று அவன் உடம்பு பாடம் படித்திருக்கிறது. இப்போது அப்பா வந்து பிடித்தால் அந்தப் பாடம் இன்னும் உறுதிப்படும்.

குழந்தைகள் பல் மருத்துவத்தில் நடத்தையை நாலு படியாகப் பிரிக்கும் ஃபிராங்கல் அளவுகோல் என்று ஒன்று 1962 முதல் புழக்கத்தில் இருக்கிறது. முழு மறுப்பு ஒரு முனை. அடுத்து முகம் சுளித்து முரண்டு பிடிப்பது. பிறகு தயங்கியபடி ஒத்துழைப்பது. மறு முனையில் சிரித்துப் பேசி ஒத்துழைப்பது. நல்ல மருத்துவர் ஒவ்வொரு வருகையிலும் இதைக் குறித்து வைப்பார். இதில் கவனிக்க வேண்டியது, படி மாறும் என்பதுதான். முதல் நாள் முழு மறுப்பில் இருந்த குழந்தை மூன்றாம், நாலாம் வருகையில் தயங்கியபடி வாயைத் திறப்பது சாதாரணமாக நடப்பது. முதல் நாள் நடந்ததை வைத்து "இவன் எங்கேயும் அடங்க மாட்டான்" என்று பெயர் வைத்துவிடாதீர்கள். குறிப்பாக அவன் காதில் விழும்படி உறவுக்காரர்களிடம் அந்தக் கதையைச் சொல்லாதீர்கள். அடுத்த முறை அவன் அந்தப் பெயருக்கு ஏற்றபடியே நடந்துகொள்வான்.

வீட்டில் என்ன செய்வது? முதலில் சில வாக்கியங்களை நிறுத்துங்கள். "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போட்டுருவேன்" என்பது டெல்டாவில் அநேகமாக எல்லா வீட்டிலும் சொல்லப்படுகிறது. சோறு ஊட்டும்போது சொன்ன இந்த ஒரு வரி, பல் நாற்காலியில் வந்து நிற்கும். "வலிக்கவே வலிக்காது" என்பதும் வேண்டாம். அதுவரை வலியைப் பற்றி நினைக்காத குழந்தைக்கும் அந்தச் சொல்லே நினைவூட்டும். மேலும், கொஞ்சம் வலித்துவிட்டால் உங்கள் பேச்சை அதற்குப் பிறகு நம்ப மாட்டான். "ஒண்ணும் பண்ண மாட்டாங்க, சும்மா பாப்பாங்க" என்று சொல்லிக் கூட்டிப் போய் அங்கே பல்லைப் பிடுங்கினால் வரும் சேதம் எல்லாவற்றையும்விடப் பெரிது. கடைக்குப் போவதாகப் பொய் சொல்லிக் கிளினிக்கில் இறக்கிவிடுவதும் அதே வகைதான்.

சொல்ல வேண்டியது சின்னது, உண்மையானது: "நாளைக்கு டாக்டர் மாமா உன் பல்லை எண்ணிப் பாப்பாரு. அம்மா பக்கத்துலயே இருப்பேன்." முந்தின நாள் சாயங்காலம் சொன்னால் போதும். ஒரு வாரம் முன்னால் சொன்னால் ஏழு நாளும் அதையே நினைத்துக்கொண்டிருப்பான். அடுத்து என்ன செய்வார்கள் என்று கேட்டால், "எனக்கும் தெரியாது, அங்க போய் மாமாகிட்டயே கேப்போம்" என்று சொல்லுங்கள். ஊசி உண்டா என்று கேட்டாலும் இதே பதில். இல்லை என்று வாக்குக் கொடுக்காதீர்கள், உண்டு என்று விளக்கவும் வேண்டாம். ஊசியைப் பற்றிப் பேசும் முறை மருத்துவருக்குத் தெரியும், அதை அவரிடம் விடுங்கள்.

பிறகு விளையாட்டு. தினமும் ராத்திரி பல் துலக்கிய பிறகு ஐந்து நிமிஷம். பையனை உங்கள் மடியில் தலை வைத்து மல்லாக்கப் படுக்கச் சொல்லுங்கள், டார்ச் அடித்து, சின்ன ஸ்பூனின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணுங்கள். பால் பற்கள் மொத்தம் 20. முதல் இரண்டு நாள் மேல் வரிசை மட்டும், பிறகு இரண்டும். பத்து எண்ணும்வரை வாயைத் திறந்தே வைத்திருந்தால் கைதட்டுங்கள். அப்புறம் அவன் டாக்டர், நீங்கள் குழந்தை. படுப்பது, விளக்கு, வாய்க்குள் ஒரு பொருள், எண்ணி முடித்ததும் நின்றுவிடும் என்ற நம்பிக்கை, இந்த நாலும் இதில் பழகிவிடும். இரண்டு வாரம் விடாமல் செய்தால் அடுத்த வருகையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

எந்த நேரத்தில் போவது என்பதை இதே அளவுக்கு முக்கியமாகச் சொல்கிறேன். நம் ஊர்ப் பக்கம் தனியார் கிளினிக்குகளில் கூட்டம் சாயங்காலம்தான். வேலை முடிந்து, பஸ் பிடித்து, டோக்கன் போட்டு, எட்டு மணிக்கு உள்ளே கூப்பிடும்போது நாலு வயதுக் குழந்தைக்குத் தூக்கமும் பசியும் சேர்ந்து கண்ணைக் கட்டும். போனில் கேட்டு, காலை பத்து மணிவாக்கில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். கிராமத்திலிருந்து வருவதாகச் சொன்னால் பெரும்பாலான இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். வருவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போல இலேசாகக் கொடுங்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அழாமல் இருக்கட்டும் என்று பாலும் பன்னும் வாங்கிக் கொடுத்து நேரே கூட்டிப்போனால் வாந்தி நிச்சயம். சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் தேதியை மாற்றுங்கள். மூக்கால் மூச்சு விட முடியாத குழந்தை வாயைத் திறந்து வைத்தால் மூச்சு முட்டுகிற பயம் நிஜமானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது அடிக்கடி நடக்கும். கூட ஒருவர் வந்தால் போதும், அதுவும் வீட்டில் யார் பதற்றப்படாதவரோ அவர். பெரியவரின் பயம் குழந்தைக்குத் தொற்றும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். அம்மாவுக்கே பல் டாக்டர் என்றால் நடுக்கம் என்றால் சித்தப்பாவோ தாத்தாவோ வரலாம்.

நல்ல இடத்தில் முதல் வருகை எப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தால் நீங்களே எடை போட்டுக்கொள்ளலாம். அவசரம் இல்லாத குழந்தைக்கு அன்று சிகிச்சை எதுவும் செய்யக் கூடாது. மருத்துவர் முகமூடி இல்லாமல் முதலில் பேசுவார், குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், கண் மட்டத்துக்கு உட்கார்ந்து பேசுவார். அதற்கடுத்து வருவது சொல், காட்டு, செய் என்ற முறை. 1959-இல் அடெல்ஸ்டன் என்பவர் எழுதி வைத்தது, இன்றும் இதை விஞ்ச எதுவும் இல்லை. கண்ணாடியைக் காட்டி "இது பல்லைப் பாக்கிற குட்டிக் கண்ணாடி" என்று சொல்வது, அதைக் குழந்தையின் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வது, உடனே சொன்னபடியே செய்வது. மூன்றுக்கும் நடுவில் இடைவெளி விழக் கூடாது. சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனால் பயம் திரும்பி வந்துவிடும். காற்று ஊதும் குழாயை முதலில் உள்ளங்கையில் ஊதிக் காட்டுவார். எச்சில் உறிஞ்சும் குழாயை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டு உறிஞ்சிக் காட்டினால் பிள்ளைகள் சிரித்துவிடும். பல்லைக் குடையும் கருவி நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது, அதன் கீச்சொலிதான் குழந்தைகளை மிரட்டும். அதைத் தூரத்தில் ஓடவிட்டு "தண்ணி பீச்சுற விசில் பிரஷ்" என்று பழக்கி, முதல் நாள் சுற்றும் சின்ன ரப்பர்க் கிண்ணத்தால் இரண்டு பல்லை மெருகிட்டு அனுப்பிவிடுவார். நாற்காலியை முதலிலேயே பாதி சாய்த்து வைத்துவிட்டுப் பையனை ஏறச் சொன்னால், சாயும் அந்த நொடி வராமலே போகும். உங்கள் பையனுக்கு இதைக் குறிப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

கையைத் தூக்கினால் நிறுத்துவேன் என்று மருத்துவர் சொல்லி, முதல் தடவை தூக்கியதும் உடனே நிறுத்திவிட்டால் குழந்தை பாதி வென்றுவிட்டது. நிறுத்தும் அதிகாரம் தன்னிடம் இருப்பது தெரிந்த பிறகு அது அதிகம் பயன்படுத்தாது. சொல்லிவிட்டு நிறுத்தாத மருத்துவர் என்றால் அந்த ஏற்பாடே இல்லாமலிருப்பது மேல்.

மூன்று வயதுக்குக் கீழே என்றால் நாற்காலியே வேண்டாம். நீங்களும் மருத்துவரும் முழங்காலோடு முழங்கால் ஒட்டி எதிரெதிரே உட்கார வேண்டும். குழந்தை முதலில் உங்களைப் பார்த்தபடி, கால் இரண்டையும் உங்கள் இடுப்பின் இருபுறமும் போட்டு உட்காரும். அப்படியே மெல்லப் பின்னால் சாய்த்து, தலை மருத்துவர் மடியில் வரும்படி படுக்க வையுங்கள். குழந்தையின் கையை நீங்கள் பிடித்துக்கொள்வீர்கள், அதன் கண்ணுக்கு உங்கள் முகம் தெரிந்துகொண்டே இருக்கும். அழும், அதில் தவறில்லை. அழும்போது வாய் திறந்திருக்கும், ஒரு நிமிஷத்தில் பார்த்து முடித்துவிடலாம்.

உள்ளே போன பிறகு பெற்றோர் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். குழந்தையின் முழங்காலிலோ பாதத்திலோ கை வைத்து உட்காருங்கள், பேசாதீர்கள். மருத்துவர் "திற" என்கிறார், அம்மா "கண்ணா திறடா, திற, மாமா அடிப்பாரு பாரு" என்கிறார், அப்பா கதவருகிலிருந்து "டேய்" என்கிறார். மூன்று குரலில் எதைக் கேட்பது என்று குழந்தைக்குத் தெரியாது. ஒரு குரல்தான் இருக்க வேண்டும், அது மருத்துவருடையது. கொஞ்ச நேரம் வெளியே இருங்கள் என்று அவர் கேட்டால், காரணம் சொன்னால், உங்களுக்குச் சம்மதமானால் போகலாம். மூன்று, நாலு வயதில் அம்மா கண்ணில் படுவதுதான் பெரும்பாலும் உதவுகிறது. சம்மதமில்லை என்றால் அதைச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

முடிந்ததும் பாராட்டுங்கள், ஆனால் குறிப்பாக. "சமத்துப் புள்ள" என்பதைவிட "பத்து எண்ற வரைக்கும் வாயத் தொறந்து வச்சிருந்தே பாரு, அது பெரிய விஷயம்" என்பது அடுத்த முறைக்கு உதவும். பரிசு முடிந்த பிறகுதான், முன்பே பேரம் பேசக் கூடாது. "அழாம இருந்தா சைக்கிள் வாங்கித் தரேன்" என்றால் இது அவ்வளவு பயங்கரமான காரியம் போலிருக்கிறதே என்று குழந்தை கணக்குப் போட்டுவிடும்.

இனி சிகிச்சை. ஊசியும் குடைவதும் இல்லாமல் பால் பல் சொத்தையை நிறுத்தும் வழிகள் இன்று இருக்கின்றன. பெற்றோரில் பலருக்கு இது தெரியாததால், பிடித்து வைத்துச் செய்வதற்கு ஒத்துக்கொள்கிறார்கள்.

சொத்தை நரம்பை எட்டாத பல்லுக்கு 38 சதவீத சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தடவலாம். பல்லைத் துடைத்து உலர்த்தி, சின்ன பிரஷால் ஒரு நிமிஷம் தடவினால் முடிந்தது. ஒரு சொட்டு நாலைந்து பல்லுக்குப் போதும். சொத்தை கெட்டிப்பட்டு நின்றுவிடும். அதற்கு விலை, சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடுவது. கடைவாய்ப்பல்லில் யாரும் பார்க்கப் போவதில்லை, முன்பல்லில் யோசிக்க வேண்டும். உதட்டிலோ கன்னத்திலோ பட்டால் சில நாள் கறை இருந்து போய்விடும், சட்டையில் பட்டால் போகவே போகாது. வெள்ளி ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் நரம்பு கெட்ட பல்லுக்கும் ஆகாது. ஒரு முறை தடவியதோடு விட்டுவிடக் கூடாது, ஆறு மாதத்தில் பார்த்து மறுபடி தடவ வேண்டியிருக்கும்.

இன்னொன்று, கைக்கருவியால் மெத்தென்றிருக்கும் சொத்தையை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டுக் கண்ணாடி அயனோமர் சிமெண்டால் அடைப்பது. சத்தமே இல்லை. ஒரு பரப்பில் மட்டும் உள்ள குழிக்கு நன்றாக நிற்கும், இரண்டு பல் உரசும் பக்கவாட்டுச் சொத்தையில் சீக்கிரம் பெயர்ந்துவிடும். அந்தப் பக்கவாட்டுச் சொத்தைக்குத்தான் ஹால் முறை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பல் மருத்துவர் நார்னா ஹால் பெயரால் வழங்குவது. சொத்தையைக் குடையாமல், அதன் மேல் அளவான எஃகு உறையைச் சிமெண்டுடன் மாட்டிக் குழந்தையையே கடிக்கச் சொல்லிப் பொருத்துகிறார்கள். உள்ளே காற்றும் உணவும் போகாததால் சொத்தை நின்றுவிடுகிறது. பற்களுக்கு நடுவே இடம் இல்லையென்றால் மூன்று முதல் ஐந்து நாள் முன்னால் சின்ன ரப்பர் வளையம் போட்டு அனுப்புவார்கள். அது விழுந்துவிட்டால் பயப்பட வேண்டாம், ஆனால் மாட்டும் தேதிக்கு முன் சொல்லிவிடுங்கள். மாட்டியதும் கடி உயர்ந்திருக்கும், மற்ற பற்கள் சேராது. இரண்டு மூன்று வாரத்தில் தானே சரியாகும். தெரியாத பெற்றோர் மறுநாளே "தப்பாப் போட்டுட்டாங்க" என்று ஓடி வருவார்கள். உங்கள் பையனின் பற்களில் நரம்பு கெடவில்லையென்றால் நான் முதலில் கேட்கச் சொல்வது இந்த முறையைத்தான்.

நரம்பு கெட்டிருந்தால் நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து உறை போடுவது, அல்லது பல்லை எடுத்துவிட்டு இடத்தைக் காக்கும் கம்பி வளையம் மாட்டுவது. இரண்டுக்கும் மரத்துப்போகும் ஊசி வேண்டும். அது வலிக்காமல் போவது மருத்துவரின் பொறுமையைப் பொறுத்தது. ஈறைத் துடைத்து உலர்த்திய பிறகு மரக்கும் ஜெல்லை வைத்து ஒரு நிமிஷமாவது விட வேண்டும், ஈரத்தின் மேல் தடவினால் எச்சிலில் கரைந்துவிடும். மெல்லிய ஊசி, குழந்தையின் கண்ணில் படாமல் பின்பக்கமிருந்து எடுப்பது, கன்னத்தை இலேசாக ஆட்டிக்கொண்டே மிக மெதுவாக ஏற்றுவது. அவசரமாக ஏற்றும் மருந்தின் அழுத்தம்தான் அதிகம் வலிக்கிறது. மருந்தின் அளவை எடையைக் கொண்டுதான் கணக்கிட வேண்டும். லிக்னோகெயின் என்ற மரக்கும் மருந்துக்கு உச்ச அளவு கிலோவுக்கு 4.4 மில்லிகிராம்; 15 கிலோ குழந்தைக்கு 66 மில்லிகிராம், 2 சதவீத மருந்தில் ஏறத்தாழ 3 மில்லி. அதனால் எடை கேட்காமல் ஊசி எடுப்பவரிடம் நீங்களே எடையைச் சொல்லுங்கள். இரண்டு பக்கக் கீழ்ப்பல்லையும் ஒரே நாளில் மரக்க வைக்காமல் இருப்பது நல்லது.

ஊசிக்குப் பிறகு நடக்கும் விபத்து ஒன்று உண்டு. உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். விநோதமாக இருக்கிறதே என்று குழந்தை அதைக் கடித்துக் கடித்துப் பார்க்கும். மறுநாள் உதடு தடித்து, வெள்ளைப் படலத்தோடு புண்ணாகித் தெரியும். பார்ப்பதற்குச் சீழ் போலவே இருக்கும், சீழ் அல்ல. சுத்தமாக வைத்திருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும். மரப்பு போகும்வரை சாப்பாடு கொடுக்காமல், பஸ்ஸில் தூங்கவிடாமல், உதட்டைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

பிடித்து வைப்பதைப் பற்றி நேராகச் சொல்கிறேன். சீழ் வைத்த வீக்கம், விழுந்து அடிபட்டு இரத்தம் கொட்டும் பல், அல்லது திடீரென்று தலையைத் திருப்பினால் கருவி குத்திவிடும் நொடி, இப்படிப்பட்ட சமயத்தில் சில நிமிஷம் பிடிக்கலாம். எதற்கு, எவ்வளவு நேரம், வேறு வழி ஏன் இல்லை என்று உங்களிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். ஓட்டை அடைப்பதற்காக நாலு பேர் கை கால் பிடிப்பது சரியல்ல. கத்தும் குழந்தையின் வாயைக் கையால் பொத்தி அடக்குவது ஒரு காலத்தில் பாடமாகவே இருந்தது. அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவ அகாதமி 2006-இல் அதைத் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கிவிட்டது. எங்கேயாவது அப்படிச் செய்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழக்கியும் முடியவில்லை, ஏழெட்டுப் பல் கெட்டிருக்கிறது, அல்லது இரண்டு வயதுதான் ஆகிறது என்றால் மயக்கத்தின் உதவி உண்டு. மூக்கில் வைக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவில் குழந்தை விழித்தேயிருக்கும், பயம் மட்டும் தளரும். மூக்கால் மூச்சு விடச் சொன்னால் கேட்கும் குழந்தைக்குத்தான் அது உதவும், சளி இருந்தால் பயனில்லை. பயத்தைத் தளர்த்த வாய்வழி தரும் மிடசோலம் போன்ற மருந்து என்றால் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் கருவியும் மயக்கவியல் மருத்துவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். முழு மயக்கம் மருத்துவமனையில்தான். எல்லாப் பல்லையும் ஒரே அமர்வில் முடித்துவிடலாம். அதற்கு 6 மணி நேரம் முன்பு சாப்பாடும் மாட்டுப் பாலும், 4 மணி நேரம் முன்பு தாய்ப்பாலும், 2 மணி நேரம் முன்பு தண்ணீரும் நிறுத்த வேண்டும். "புள்ள அழுவுதே" என்று யாராவது நடுவில் ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மூளையைப் பாதிக்குமா என்று கேட்பார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் விடுத்த எச்சரிக்கை மூன்று வயதுக்குக் கீழே, மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் அல்லது திரும்பத் திரும்பத் தரும் மயக்கத்தைப் பற்றியது, ஒரு முறை தரும் குறுகிய மயக்கத்தைப் பற்றியது அல்ல. வீட்டிலேயே சளி சிரப்பைக் கொடுத்துத் தூங்க வைத்துக் கூட்டிவரும் வேலையை மட்டும் எந்தக் காரணத்துக்கும் செய்யாதீர்கள்.

எங்கே போவது? பெயர்ப் பலகையில் குழந்தைகள் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். என்று இருப்பவரைத் தேடுங்கள். பி.டி.எஸ்.ஸுக்கு மேல் மூன்று வருஷம் இதையே படித்தவர்கள். தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி போன்ற ஊர்களில் கிடைப்பார்கள். சின்ன டவுன்களில் சில கிளினிக்குகளுக்கு வாரத்தில் ஒரு நாள் வந்து போவார்கள், எந்தக் கிழமை என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். மயிலாடுதுறை, சீர்காழிப் பக்கம் என்றால் சிதம்பரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே குழந்தைகளுக்கென்றே தனித் துறை உண்டு. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு பல் சொத்தையையும் பார்த்துப் பரிந்துரைச் சீட்டு தரும், அதைத் தொலைக்காமல் வையுங்கள். ஆட்டிசம், வலிப்பு, இருதயக் கோளாறு, காது கேளாமை எது இருந்தாலும் நேரம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். இருதயக் கோளாறு உள்ள சில குழந்தைகளுக்குப் பல் எடுப்பதற்கு முன்னால் ஆன்டிபயாட்டிக் தர வேண்டியிருக்கும்.

அதுவரை வலித்தால் பாரசிட்டமால், கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் வேண்டாம். தவறு நடப்பது பாட்டிலில்: 5 மில்லியில் 120, 125 என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. பழைய பாட்டிலின் அளவை நினைவில் வைத்துப் புதிய பாட்டிலில் ஊற்றினால் இரட்டிப்பாகிவிடும், லேபிளைப் படியுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது. கிராம்பு எண்ணெய் பஞ்சில் வைத்தால் ஈறும் நாக்கும் வெந்துபோகும், விழுங்கினால் விஷம். கண்டங்கத்தரி விதைப் புகை பிடித்துப் பூச்சி எடுப்பதாகச் சொல்வார்கள். சொத்தைப் பல்லில் பூச்சி கிடையாது, சர்க்கரையைத் தின்று அமிலம் கக்கும் கிருமிகள்தான். சூட்டில் வாய் பொசுங்கியதுதான் மிச்சமாகும்.

சொத்தை வந்த வழியை அடைக்காவிட்டால் இத்தனை பாடும் ஆறு மாதத்தில் மறுபடி வரும். தூங்கும்போது வாயில் பால் பாட்டில் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். டீயில் தோய்த்த வர்க்கியும் பிஸ்கட்டும் பல் இடுக்கில் பசைபோல ஒட்டி நிற்கும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாமே பல்லுக்குச் சர்க்கரைதான். இனிப்பை ஒழிக்க வேண்டியதில்லை. பொழுதுக்கும் கொறிக்காமல் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். திருவையாற்று அசோகா வாங்கி வந்தால் ஒரே தடவையில் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கட்டும். ராத்திரி துலக்குவது உங்கள் வேலை, ஏழெட்டு வயது வரை குழந்தையின் கைக்கு அந்த நிதானம் வராது. பின்னால் நின்று, தலையை உங்கள் வயிற்றில் சாய்த்து, கன்னத்தை விரலால் ஒதுக்கித் துலக்குங்கள். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், டியூபில் 1000 பிபிஎம் என்று இருக்கிறதா பாருங்கள். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு.

முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், தாமதமானால் முதல் பிறந்த நாளுக்குள், வலி எதுவும் இல்லாதபோதே பல் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டுவதுதான் முறை. உங்கள் வீட்டில் இளைய குழந்தை இருந்தால் அண்ணனோடு அதையும் கூட்டிப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அண்ணனுக்கு ஊசி இருக்கும் நாளில் வேண்டாம். பையனுக்கு ஆறு வயது ஆகும்போது பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, நாலு புதுக் கடைவாய்ப்பற்கள் முளைக்கும். இதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அவைதான் ஆயுள் முழுக்க இருக்கப்போகிறவை. அவை முழுதாக வெளியே வந்ததும் குழிகளை அடைக்கும் சீலன்ட் பூசிவிட வேண்டும். அதற்கு ஊசி இல்லை, குடைவதும் இல்லை, ஒரு பல்லுக்குச் சில நிமிஷம் அசையாமல் வாயைத் திறந்து வைத்திருந்தால் போதும்.